பேரன் என்பது பெயரன்: புளியஞ்சோலையிலிருந்து சில குறிப்புகள்

1

புளியஞ்சோலையை வரைபடத்தில் தேடினால் அது திருச்சி மாவட்டத்தில், துறையூர் வட்டத்தில் கிடைக்கும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையோ பெரும்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997க்கு முன்பு அது சேலம் மாவட்டம். மேலே ஆகாயகங்கையாக விழுகிற தண்ணீர் ஐயாறு என்ற பெயரில் பாறைகளுக்கிடையே இறங்கிவந்து இங்கேதான் சமதளத்தைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க வருகிற கூட்டத்துக்கு இது ஒரு சுற்றுலாத் தலம். மலைக்காரர்களுக்கு இது நீண்ட காலம் ஒரு வாசலாக இருந்தது. காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வருவதற்கு முன்பு, மலையின் கிழக்குப் பக்கத்துச் சனங்கள் தலைச்சுமையோடு இறங்கியதும் ஏறியதும் இந்த ஒற்றையடிப் பாதையில்தான்.

என் ஆயா துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலையிலிருந்து பலாப்பழமும் தேனும் சாமையும் இறங்கும். கீழேயிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறும். "மலைக்காரி கொண்டாற சாமைல ஒரு வாசம் இருக்கும்" என்பாள். எந்தச் சாமை, யார் கொண்டுவந்தார்கள், படியளவு என்ன, கடன் சொன்னால் எப்படிக் கணக்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போது நான் கல்லூரியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வாய்மொழி வரலாறு என்பதை ஆங்கிலப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு வாசித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில்தான் ஆயா செத்துப்போனாள்.

இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது. 'முதியோருக்கும் இளையோருக்கும் இடையே உறவை வளர்க்க வேண்டும்' என்பது இன்று பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து அரசாங்க விளம்பரம் வரை எல்லோரும் சொல்கிற ஒரு நல்ல வாக்கியம். நல்ல வாக்கியங்களைச் சந்தேகிப்பது நம்முடைய பழக்கம். உறவு எனப்படுவது என்ன? யாருக்கு அதில் லாபம்? அது அறுந்தது எப்போது, எதனால்? இக்கேள்விகளைக் கொல்லிமலையின் சாமை விதையை முன்வைத்துக் கேட்டுப்பார்க்கலாம்.

2

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் ஏறினேன். வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவி. பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர் இவர்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். சாமையில் எத்தனை வகை என்று கேட்டேன். கிழவி என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டுப் போயி என்ன பண்ணுவ சாமி? வெதைப்பியா?"

பதில் இல்லை. அவளாகவே சொல்லத் தொடங்கினாள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை... நடுவில் பேத்தி குறுக்கிட்டாள்: "அது இல்லாயா, போன வருசம் போட்டது வேற." கிழவி பானையிலிருந்து ஒரு கை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். கண் மங்கிவிட்டது. பேத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருவருக்கும் ஐந்து நிமிஷம் வாய்ச்சண்டை. முடிவில் பேத்தி சொன்னதுதான் சரி என்று ஆனது. "எனக்குக் கை, அவளுக்குக் கண்ணு" என்று கிழவி சிரித்தாள். என் நோட்டில் அன்று நான் எழுதியது மூன்று சாமைப் பெயர்கள் மட்டும். சண்டையை எழுதவில்லை. அது 'தகவல்' இல்லை என்று நினைத்தேன்.

மாலி நாட்டு எழுத்தாளர் அமாடு ஹம்பாத்தே பா 1960இல் யுனெஸ்கோவில் பேசியபோது, ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் சாவது ஒரு நூலகம் எரிவதற்குச் சமம் என்ற கருத்துப்படச் சொன்னார். காலனியம் 'எழுத்தில்லாதவர்கள்' என்று ஒதுக்கிய மக்களின் அறிவை மதிக்கச்செய்ய அன்று அந்த உருவகம் தேவைப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. நூலகம் என்றால் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. யாரும் வாசிக்காவிட்டாலும் இருக்கிறது. ஆகவே எரிவதற்குள் நகலெடுத்துவிட்டால் போதும் என்றாகிறது. என் டேப்ரெக்கார்டர் அந்தத் தர்க்கத்தின் குழந்தை. திண்ணையில் நான் கண்டது வேறு. அறிவு கிழவியின் தலைக்குள் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. கைக்கும் கண்ணுக்கும் இடையே, அந்த வாய்ச்சண்டையில் அது உண்டாகிக்கொண்டிருந்தது. பேத்தி இல்லையென்றால் கிழவிக்கே அது பாதிதான்.

3

தமிழில் பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி பெயர்த்தி. அப்பா பெயரை மகனுக்கு வைப்பது வழக்கமில்லை. தாத்தா பெயரை வைப்பது வழக்கம். அப்படி வைத்த பெயரைச் சொல்லி மகனைத் திட்ட மருமகளுக்குக் கூச்சம், மாமனார் பெயராயிற்றே! ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததோடு கைகோர்க்கிற இந்த அமைப்பை மானிடவியலாளர்கள் உலகின் பல பகுதிகளில் கண்டிருக்கிறார்கள். ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கேலி உறவுகள் பற்றிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு இடையே கட்டளையும் கீழ்ப்படிதலும்; ஒன்றுவிட்ட தலைமுறைகளுக்கு இடையே கேலியும் சலுகையும் என்பது அவருடைய வாதம்.

இங்கே கவனிக்க வேண்டியது அதிகாரத்தின் இடம். அப்பனிடம் பிள்ளை கற்கும்போது அடி இருக்கிறது, சொத்து இருக்கிறது, 'என்னை மாதிரி ஆகு' என்ற உத்தரவு இருக்கிறது. பாட்டியிடம் கற்கும்போது அது குறைவு. பாட்டியைத் திருத்தலாம். அன்று திண்ணையில் அந்தப் பத்து வயதுப் பெண் தன் அப்பனை அப்படித் திருத்தியிருக்க முடியாது.

ஆனால் 'மூத்தோர் சொல் அமிர்தம்' என்ற பொதுப்புத்தியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொல்லிமலையில் நாடு, ஊர், ஊர்க்கவுண்டர் என்று ஒரு மூத்தோர் அதிகாரமும் உண்டு. அது ஆண் மூத்தோரின் அதிகாரம். வழக்குத் தீர்ப்பதும், யார் யாரைக் கட்டலாம் என்று சொல்வதும் அங்கே. விதையைத் தேர்ந்தெடுப்பது, சாம்பலும் நொச்சி இலையும் போட்டுப் பானையில் மூடி வைப்பது, உரலில் குத்தி உமி நீக்குவது, எந்தக் காட்டுக்கிழங்கைத் தின்னலாம் எதைத் தொடக்கூடாது என்று அறிவது ஆகியவை பெரும்பாலும் கிழவிகளிடம். முன்னது சொல்லாக இருப்பதால் எழுத்தில் ஏறிவிட்டது. பின்னது வேலையாக இருந்ததால் எழுத்தில் ஏறவில்லை. 'மூத்தோர்' என்ற ஒற்றைச் சொல் இந்த வித்தியாசத்தை மறைக்கிறது.

4

கொல்லிமலை எழுத்தில் நிறையவே இருக்கிறது. வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றில் (152) பாடியிருக்கிறார். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் (209) இருக்கிறது. கொல்லிப்பாவை இருக்கிறாள். அறப்பளீசுவரர் மேல் அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகம் இருக்கிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலிலும் இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கதை பதிவாகியிருக்கிறது: அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலையில் ஏறினார்கள் என்று. ஆனால் அந்தப் பக்கங்களில் பேசுவது 'மலையாளிகள்' என்ற பொதுப்பெயர். ஒரு பாட்டியோ பேரனோ அல்ல. சமவெளியின் கதையாடல்களில் இந்த மலை ஒன்று பழம்பெருமை, அல்லது இனவியல் மாதிரி. இரண்டிலும் அதற்கு நிகழ்காலம் கிடையாது.

நிகழ்காலம் வேறு வழிகளில் வந்தது. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச்சட்டம் காட்டுக்கும் கொல்லைக்கும் இடையே கல் நட்டது. இடம் மாற்றி இடம் புனம் வெட்டி விதைத்த முறைக்கு இடம் சுருங்கியது. 1940களில் சேலத்தில் தலையெடுத்த ஜவ்வரிசித் தொழில் மெல்ல மெல்ல மரவள்ளியை மலைமேல் ஏற்றியது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபோது மரவள்ளி இந்த வட்டாரத்தின் முக்கியமான பணப்பயிர். சாமை விதைத்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு நின்றது.

இந்த மாற்றத்தைப் 'பேராசை' என்று சொல்வது அபத்தம். சாமை வீட்டுக்குச் சோறு. மரவள்ளி கைக்குக் காசு. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் காசுதான் வேண்டும். உரலில் சாமை குத்திய பெண்ணுடைய தோளைக் கேட்டால் ரேஷன் அரிசியின் அருமை தெரியும். ஆனால் ஒரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை. மரவள்ளியை விதை போட்டுப் பயிரிடுவதில்லை. குச்சியை நறுக்கி நட்டால் போதும். கதிர் பார்த்து, நிறம் பார்த்து, அறுப்புக்கு முன்பே விதைக்கென்று ஒதுக்குகிற வேலை அங்கே இல்லை. விலையைச் சொல்வது ஆலையும் வியாபாரியும். ஆகவே கிழவிக்கு அங்கே வேலை இல்லை. ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்ததில் ஒரு தலைமுறையே உற்பத்தியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டது. 'வயசாயிடுச்சு, சும்மா உக்காரு' என்ற அன்பான வாக்கியத்தின் பொருளாதாரம் இது.

அதே காலத்தில் பேத்தி உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். நடு வயதுக்காரர்கள் தோட்டவேலைக்கும் கட்டட வேலைக்கும் இறங்கினார்கள். தலைமுறை இடைவெளி என்று நாம் மனோதத்துவமாகப் பேசுவது இங்கே ஒரு நிலவியல்: கிழவி மேலே, மகள் எங்கோ, பேத்தி விடுதியில். சாமை விதைக்கிற நாளில் மூன்று பேரும் ஒரே கொல்லையில் நிற்க வழியில்லை.

5

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு நியாயமான கோபம் வரும், எனக்கும் வருகிறது. பிள்ளைகள் பெரியவர்களிடம் பாரம்பரிய அறிவைக் கற்கட்டும் என்ற பேச்சை நாம் ஏற்கனவே கேட்டிருக்கிறோம். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் போராட்டம் நடந்திராவிட்டால் இதை எழுதுகிற நானும் வாசிக்கிற உங்களில் பலரும் இங்கே இல்லை.

ஆகவே கேள்வியைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. பாட்டியின் சாமை அறிவைப் பேத்திக்குக் கொடு என்று சொல்வதும் குலக்கல்விதானா?

பழங்குடிப் பெண்ணைப் பார்த்து 'நீ சாமை விதைத்துக்கொண்டு மலையிலேயே இரு, அதுதான் உனக்கு அழகு' என்று நகரத்துச் சூழலியல்வாதி சொல்வாரானால், ஆம், அது குலக்கல்விதான். ஆனால் மூன்று வித்தியாசங்களைச் சொல்லலாம். ஒன்று, குலக்கல்வி பள்ளி நேரத்தைத் திருடியது; இங்கே பள்ளி பாட்டியை உள்ளே கூப்பிடலாம், பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு, குலக்கல்வி பிறப்பால் அறிவைப் பங்கிட்டது. விதை அறிவை எந்தப் பிள்ளையும் கற்கலாம். வாத்தியார் பிள்ளையும், கீழிருந்து வந்து கடை போட்டவர் பிள்ளையும். மூன்று, இதுதான் முக்கியம்: கற்றுக்கொண்டதை வேண்டாம் என்று சொல்கிற உரிமை. தெரிந்து மறுப்பது வேறு, தெரியாமலே இழப்பது வேறு. விடுதிக்குப் போன பேத்திக்கு எதை இழக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. குலக்கல்வி ஒரு கதவைப் பூட்டியது. அதற்கு எதிராக நாம் திறந்த கதவும் ஒரே பக்கம் மட்டும்தான் திறக்க வேண்டும் என்று யார் சொன்னது?

6

திசை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாலை நேரங்களில் இளம் பெண்கள் தங்கள் அம்மா, பாட்டி வயதுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சைக்கிள் பழகிய பெண்களின் கதை பலருக்கும் தெரியும். கல்குவாரியில் வேலை செய்தவர்கள் கணக்கைத் தாமே படித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மார்கரெட் மீட் 1970இல், மூத்தோரிடம் இளையோர் கற்பது, சமவயதினரிடம் கற்பது, இளையோரிடம் மூத்தோர் கற்பது எனப் பண்பாடுகளை மூன்றாகப் பிரித்து, இனி வருவது மூன்றாவது என்றார். அவர் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பார்த்ததைப் புதுக்கோட்டையின் ஒரே திண்ணையில் ஒரே மாலையில் பார்க்க முடிந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண் பதிலுக்கு ஒரு பாட்டோ விடுகதையோ கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் 'கோஹங்கா ரியோ', அதாவது மொழிக்கூடு என்ற பெயரில் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பள்ளியில் மாவோரி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலத்தின் விளைவாகப் பெற்றோர் தலைமுறை மொழியை இழந்திருந்தது. தாத்தா பாட்டிகளிடம் மொழி இருந்தது. ஆகவே அவர்களையே குழந்தைகளோடு உட்காரவைத்தார்கள். ஒரு தலைமுறையைத் தாண்டிப் பாலம் போட்டார்கள். நம்முடைய 'பெயரன்' என்ற சொல்லில் இருக்கிற அதே தாண்டல். குழந்தைகளிடமிருந்து பெற்றோரும் கற்கத் தொடங்கினார்கள் என்பது இதன் உபரி லாபம்.

கொல்லிமலையில் தொண்ணூறுகளிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்கள் குறித்து வேலை செய்துவந்திருக்கிறது. ஊர் அளவில் விதை வங்கிகள், சுயஉதவிக் குழுக்கள், உமி நீக்கும் இயந்திரங்கள் ஆகியன வந்தன. இயந்திரம் வந்தது சின்ன விஷயமல்ல. உரலிலிருந்து பெண்ணின் தோளை விடுவிக்காமல் சாமையின் பெருமை பேசுவது வன்முறை. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள உரிமையை எழுத்தில் கொண்டுவந்தது. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இலிருந்து உலகத்து விதைகளை மைனஸ் 18 டிகிரிக் குளிரில் பூமிக்குள் வைத்திருக்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் விதையைக் குளிரில் வைக்கலாம். எந்த மேகத்துக்கு எந்தச் சாமை என்பதைக் குளிரில் வைக்க முடியாது. அதற்கு ஒரு பேத்தி வேண்டும்.

முதியவர் அறிவுக்குச் சந்தையும் ஒரு வாரிசு. இன்று அறப்பளீசுவரர் கோயில் பக்கம் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். சென்னைக் கடைகளில் சாமை பாக்கெட்டில் கிடைக்கிறது. பாக்கெட்டில் 'பாரம்பரியம்' என்று அச்சிட்டிருக்கிறது. கட்டவெட்டியா மல்லியச் சாமையா என்று அச்சிடவில்லை. சந்தைக்குப் பொதுப்பெயர் போதும், பெயரன் வேண்டாம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10.4 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அகில இந்திய அளவைவிட அதிகம். அதன் பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. அரசு இவர்களை ஓய்வூதியப் பயனாளிகளாகப் பார்க்கிறது. 2007ஆம் வருஷத்துச் சட்டம் பராமரிக்கப்பட வேண்டியவர்களாகப் பார்க்கிறது. இரண்டும் வேண்டும். ஆனால் திண்ணையில் இருந்த கிழவி பராமரிக்கப்படுபவளாக மட்டும் இருக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது, திருத்துவதற்கு ஒரு ஆளும் இருந்தாள்.

7

சென்ற வருஷம் மறுபடியும் போனேன். கிழவி இறந்து ரொம்ப நாளாயிற்று. அன்றைய பேத்திக்கு இப்போது நாற்பதை நெருங்குகிற வயசு. கீழே ஒரு டவுனில் துணிக்கடையில் வேலை. விதைப்புக்கும் அறுப்புக்கும் லீவு போட்டு மேலே வருகிறாள். மரவள்ளிக்கு நடுவில் அரைக் காணி அளவு சாமை. விதை எப்படிக் கிடைத்தது என்றேன். அம்மா குழுவில் வாங்கிவைத்ததாம், மல்லியச் சாமை.

"வெதை இருக்குதுங்கண்ணா. எப்பப் போடறதுன்னுதான் தெரியல. ஆயா எதையோ பாத்துட்டுச் சொல்லும். மரமா, பூச்சியான்னு நெனப்பில்ல. நான் ஆஸ்டல்ல இருந்தேன்ல. நீங்க அன்னிக்குப் பேசிப் புடிச்சிங்களே, அதுல இருக்குமா?"

இருந்திருக்கும். விதைப்புக் காலம் பற்றி அன்று அரைமணி நேரம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. ஊருக்கு வந்து பரணிலிருந்து கேஸட்டை எடுத்தேன். கட்டுரை எழுத வேண்டும் என்று பத்திரமாக வைத்தது. பூஞ்சை பிடித்திருந்தது. திருச்சியில் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து கேட்டதில் இரைச்சல்தான் மிச்சம். நடுவில் ஒரே ஒரு இடம் தெளிவாக இருக்கிறது: "அது இல்லாயா, போன வருசம் போட்டது வேற."

நான் தகவல் இல்லை என்று விட்ட பகுதி. நான் தகவல் என்று சேமித்தது போய்விட்டது.

போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். குரலை மட்டும் அனுப்பச் சொன்னாள். மகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். மகள் ஏழாவது படிக்கிறாள். அப்புறம் சொன்னாள்:

"இந்த வருசம் ரெண்டு தடவையாப் பிரிச்சு வெதைச்சிருக்கறேன். மொத மழைக்குக் கொஞ்சம், அடுத்ததுக்குக் கொஞ்சம். எது நிக்குதுன்னு பாப்பா நோட்ல எழுதிக்கிட்டு வருது. அதுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியல. அதும் நானும் சேந்துதான் பாக்கணும்."